கம்பளிப் பொம்மை: அழுக்கைவிட ஈரம் பொல்லாதது

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1919-இல் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளின் வழியே உலகெங்கும் பரவியது வால்டார்ஃப் பொம்மை. பருத்திப் பின்னல் துணிக்குள் செம்மறியாட்டுக் கம்பளியைத் திணித்துக் கையால் தைப்பார்கள். குழந்தை அதைக் கடிக்கும், தரையில் இழுக்கும், கட்டிக்கொண்டு தூங்கும். அதனால் சுத்தம் அவசியம். ஆனால், வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கிற பொருளல்ல இது.

கம்பளியின் குணம்

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, கம்பளி இறுகிக் கட்டியாகிவிடும். இன்னொரு குணமும் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும், தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். இப்படி ஏமாந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டலாம்.

அன்றாடச் சுத்தம்

வாரம் ஒருமுறை பொம்மையை வெளியே தட்டி உதறுங்கள். எச்சில், சோற்றுக் கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

தூசி உண்ணி

நாம் உதிர்க்கும் தோல் துகள்களைத் தின்று பொம்மையிலும் வாழும் இந்த உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் கழிவுதான் தும்மலையும் மூக்கொழுகலையும் கிளப்புகிறது. 60 டிகிரி வெந்நீரில் அவை சாகும். ஆனால் கம்பளி பாழாகும். அதனால், உலர்ந்த பொம்மையைப் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். வெளியே எடுத்துக் குளிர் விட்ட பிறகே பையைத் திறக்க வேண்டும். செத்த உண்ணிகளும் கழிவும் போக, நன்றாக உதறுங்கள்.

முழுதாகத் துவைக்க நேர்ந்தால்

முதலில் பொம்மையைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது; மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடும் என்பதால் காலையில் பிடித்ததே நல்லது. கம்பளிக்கான திரவ சோப்போ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போதும். என்சைம் கலந்த சலவைத்தூள் கம்பளியின் புரதத்தை அரிக்கும். பிளீச் அதைக் கரைத்தே விடும். தேய்க்காமல், பிழியாமல் மெல்ல அமுக்கி அலசுங்கள். பிறகு துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் காற்றோட்டமாகப் படுக்கவைத்து, அவ்வப்போது புரட்டிப் போடுங்கள். பழைய எடைக்குத் திரும்பினால்தான் உள்ளே காய்ந்ததாக அர்த்தம். அடைமழை நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். வாந்தியோ சிறுநீரோ உள்ளே இறங்கிவிட்டால், தையலைப் பிரித்துப் புதுக் கம்பளி திணிப்பதே சரி.

அந்துருண்டை வேண்டாம்

பூச்சி அரிக்காமலிருக்க நாப்தலின் உருண்டை வைப்பது ஆபத்து. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். சுத்தமாக, உலர்வாக, மூடிய டப்பாவில் வைத்தால் போதும்.

கவனிக்க

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் எந்த மெத்தென்ற பொம்மையும் இருக்கக் கூடாது; மூச்சுமுட்டும் அபாயம் உண்டு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்குப் பொத்தான் கண் வேண்டாம், நூலால் தைத்த கண்ணே பாதுகாப்பு. துவைத்த பிறகும் பூஞ்சை வாடை வீசினால், அந்தப் பொம்மையைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.