சாய்வெயிலும் கூலிங் கிளாசும்



மார்கழி, தை மாதங்களில் மாலை ஐந்தரை மணிக்குப் புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணத்துக்கு வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் சூரியன் சற்றுத் தெற்கே சாய்ந்து மறைவதால், கடலை நோக்கி வரும் சாலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

பலமான ஒளி கண்ணுக்குள் சிதறும்போது, தென்னை நிழலில் நடந்து வருகிறவர் நமக்குத் தெரியாமலே போகிறார். கண்புரை தொடங்கியவர்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம்.

கூலிங் கிளாஸ் இதற்கு உதவும். ஆனால் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. ‘யு.வி. 400’ என்று குறித்திருப்பது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சாம்பல் அல்லது பழுப்பு நிறம் நல்லது. போலரைஸ்டு கண்ணாடி, நனைந்த சாலையிலும் கடல் நீரிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறைக்கும். மிகக் கறுத்த 4-ஆம் வகைக் கண்ணாடி வண்டி ஓட்ட ஆகாது. சூரியன் மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும்.

எந்தக் கண்ணாடியும் எதிரே நிற்கும் சூரியனை முழுவதும் மறைக்காது. ஆகவே முன்கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

நடந்து செல்வோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிழல் உங்களுக்கு முன்னே நீளமாக விழுகிறதா? அப்படியானால் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் வெயில் அடிக்கிறது. அவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பாமல் ஒதுங்கி நில்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க அன்புடன் வேண்டுகிறோம்.