வீதியை மூடுவது எதற்காக?

ஹந்தானை மலைச்சாரலில் நின்று நோக்குவோர்க்குப் பேராதனையில் மகாவலி கங்கையைக் கடந்து கண்டியை அடையும் கொழும்புப் பெருவீதி புலப்படும். அவ்விடத்தில் 205 அடி இடைவெளியை ஒரே வளைவாற் கடந்த முதிரை மரப்பாலம் 1833ஆம் ஆண்டு அமைக்கப்பெற்றது. 1905இல் அதனை அகற்றி வேறு பாலம் எழுப்பினர். பல்லாயிரவர் வாழ்வு ஒரு பாலத்தையே நம்பியிருக்கையில், அது பழுதுற்றாலும் வீதியை மூட மனம் தயங்கும். அத்தயக்கமே பேராபத்து.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 2024 மார்ச் 26ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், மின்வலு இழந்த சரக்குக் கப்பலொன்று பாலத்தை நெருங்கிற்று. கப்பலின் அபாயச் செய்தி கிடைத்ததும் பொலிசார் வாகனங்களை மறித்தனர். ஓரிரு நிமிடங்களிற் பாலம் வீழ்ந்தது. பாலத்தின்மீது வீதி திருத்திய தொழிலாளர் அறுவர் மாண்டனர். வாகனங்களில் வந்தோர் தப்பினர்.

வீதியை மூடியபின் மாற்றுவழி காட்டல் வேண்டும். 2025 நவம்பர் 22இல் கடுகண்ணாவைக்கருகே மண்சரிவு உயிர்களைப் பலிகொண்டு இப்பெருவீதியை அடைத்தது. அத்தகைய மலைவளைவிலே தடையைக் கண்டு திகைக்கும் லொறி எங்ஙனம் திரும்பும்? ஆதலால் கேகாலையிலும் பேராதனையிலுமே அறிவித்தல் அவசியம். கட்டுகஸ்தோட்டை, கலகெதரை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் வீதி ஒரு மாற்றுவழி. கிராமத்துச் சிறுபாலங்களோ பெரும்பாரம் தாங்கா. லொறிகளை அங்கு அனுப்பின் இரண்டாவது பாலமும் இடியக்கூடும்.

பொலிசார் கைகாட்டி மறிக்கும்போது நமக்குச் சில மணிநேரம் வீணாகலாம். அதனைப் பொறுத்துக்கொள்வோமாக.