நெய்வேலி நகரமும் சுற்றுப்புற விவசாயமும்

தென்னார்க்காடு மாவட்டம் என்று முன்னர் வழங்கிய பகுதியில், 1935ஆம் ஆண்டில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அதன் விளைவாக நடைபெற்ற ஆராய்ச்சிகளையும், 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பெற்றதையும், 1957 மே 20ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததையும், 1961இல் நிலக்கரி கைக்கு எட்டியதையும், அடுத்த ஆண்டே மின்சாரம் பிறந்ததையும் நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் ஆராயப் புகுவது வேறொன்று. அந்நகரத்து வீடுகளில் நாள்தோறும் சமைக்கப்படும் கறிகாய் எங்கிருந்து வருகிறது? அதற்காகக் கொடுக்கப்படும் பணம் எங்கே போய்ச் சேருகிறது? அப்பணத்தில் எத்தனை பங்கு குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரங்களின் கழனிகளுக்குத் திரும்புகிறது?

முதலில் ஒரு சிறு கணக்கு. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நெய்வேலி நகரியத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் வாழ்ந்தனர். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறியாவது உண்ண வேண்டும் என்பது நமது நாட்டு உணவியல் அறிஞர்கள் வகுத்த அளவு. அவ்வளவும் உண்ணப்படுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 30 டன். ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 டன். ஏக்கருக்கு நடுத்தர விளைச்சலாக 8 டன் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1,370 ஏக்கரில் ஒரு போகம் விளைவிக்கும் காய்கறியை அந்த ஒரு நகரியமே உட்கொண்டுவிடும். மந்தாரக்குப்பம், வடலூர், இந்திரா நகர் முதலிய அண்டை ஊர்களையும், தொழிற்சாலை உணவுக் கூடங்களையும் சேர்த்தால் தேவை இன்னும் பெருகும். இது தோராயக் கணக்கே. எனினும், மாதச் சம்பளம் தவறாது பெறும் குடும்பங்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் வாழ்வது விவசாயிக்கு எத்தகைய வாய்ப்பு என்பதை இது புலப்படுத்தும். பருவமழை பொய்த்தாலும் நெய்வேலியில் சம்பள நாள் பொய்ப்பதில்லை.

இனி, சுற்றுப்புறத்தின் வளத்தை நோக்குவோம். செம்மண்ணும் செம்புறை மண்ணும் கலந்த இம்மேட்டு நிலத்தில் முந்திரியும் பலாவும் செழித்து வளர்கின்றன. பண்ருட்டிப் பலாவின் பெயரைக் கேளாதவர் தமிழ்நாட்டில் இலர். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட 'பாலூர் 1' என்ற பலா இரகம், பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றது. அந்நிலையம் கத்தரிக்கும் பேர்போனது. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் இரகங்கள் தந்திருக்கிறது. நிலக்கடலையை இம்மாவட்டத்தார் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் அழைக்கின்றனர். கடல் கடந்து வந்த பயிரைச் சொந்தப் பெயரிட்டுச் சொந்தமாக்கிக்கொண்ட மக்கள் இவர்கள். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல், மணிலா, எள், உளுந்து ஆகியவை மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் தறிகள் பல தலைமுறையாக ஓசையிட்டு வந்துள்ளன. ஆக, உண்பவர் ஒரு பக்கம், விளைவிப்பவர் ஒரு பக்கம், நெய்பவர் ஒரு பக்கம். எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயண எல்லைக்குள்.

அப்படியிருந்தும் இம்மூவரும் ஒருவரையொருவர் நேரே சந்திப்பது அரிது. முன்பணம் கொடுத்தவருக்கே விளைபொருளைத் தருவதாக விவசாயி வாக்குக் கொடுத்துவிடுகிறார்; அவர் குறித்ததே விலை. அங்கிருந்து பொருள் மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து மொத்த வியாபாரிக்கும், பின் சில்லறைக் கடைக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் கூலி, கழிவு, எடைக்குறைவு. வியாபாரியைப் பழித்துப் பயனில்லை என்பதே நமது கருத்து. அவர் முன்பணம் தருகிறார், அந்தி நேரத்திலும் வந்து எடுத்துச் செல்கிறார், அழுகும் பொருளின் நட்டத்தில் ஒரு பகுதியையும் ஏற்கிறார். இம்மூன்றையும் செய்ய முன்வராத சங்கம் எதுவும் அவரிடமிருந்து விவசாயியை மீட்க இயலாது.

நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் கூறாமல் மேற்செல்வது முறையாகாது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில், இருபுறமும் இறுகிய அடுக்குகளுக்கு இடையே, பெரும் அழுத்தத்துடன் நீர் தேங்கி நிற்கிறது. அந்நீரை வெளியேற்றி அழுத்தத்தைத் தணிக்காவிடில், சுரங்கத்தின் தளம் பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். ஆதலால் இராப்பகலாகக் குழாய்க் கிணறுகள் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இறைத்த நீரில் ஒரு பகுதி நகரியத்துக்கும் மின்நிலையங்களுக்கும் பயன்படுகிறது. சுரங்க நீர் வாய்க்கால் வழியே கழனிகளுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. வாய்க்கால் ஓரத்தில் நிலம் உடையவருக்கு ஆண்டு முழுவதும் பாசனம். சற்று விலகி, கிணற்றை நம்பி வாழ்பவருக்கு நீர்மட்டம் தாழ்ந்த கவலை. முன்னர் இப்பகுதியில் இறைக்காமலே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்தன என்று முதியோர் சொல்வது கற்பனையன்று. வாலாஜா ஏரி சுரங்கத்திலிருந்து அடித்து வரப்பட்ட வண்டலால் தூர்ந்து கிடந்து, பின்னர் நிறுவனத்தின் செலவிலேயே தூர் வாரப்பெற்றது. ஒரு கையால் கெட்டது மறு கையால் சீர்பெற்றது என்று இதனைக் கொள்ளலாம்; ஆனால் ஏரி தூர்ந்து கிடந்த ஆண்டுகளில் விளையாமற்போன நெல்லை எவர் திருப்பித் தர இயலும்?

நிலமெடுப்போ மேலும் வேதனை தருவது. முதற்சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அடுத்தடுத்துப் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலை மாதத்தில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலைக்காக, வளையமாதேவியில் நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் முன்னரே எடுக்கப்பட்டதென்றும், பயிரிட வேண்டாமென அறிவித்திருந்ததாகவும் நிறுவனத்தார் கூறினர். பயிர் அழிந்த விவசாயிகளுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. வழக்கின் நியாயம் எவ்வாறாயினும், கதிர் அறுக்கும் வரை சில வாரம் பொறுத்திருக்கலாகாதா என்ற கேள்வி நம் போன்றோர் மனத்தில் எழாமலிருக்க முடியாது. 2020இல் இயற்றப்பெற்ற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களையே தழுவியது. குறிஞ்சிப்பாடியும் கம்மாபுரமும் அதில் இல்லை. விவசாயம் இலாபமற்ற தொழில் என்று காட்டப்படும் இடத்தில் நிலத்தைக் காப்பது கடினம். ஆகவே விளைபொருளுக்கு நிலையான விற்பனை தேடுவது, நிலத்தைக் காக்கும் முயற்சியின் ஒரு பகுதியே ஆகும்.

இதற்குக் கூட்டுறவில் முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844 டிசம்பர் 21ஆம் நாள், 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். அக்கடையில் முதல் நாள் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவே. கலப்படமற்ற பொருளைச் சரியான எடையில் பெறுவதற்காகவே நெசவாளர் ஒன்று கூடினர் என்பதை, தறியோடு சங்கம் முடிந்துவிடுகிறது என்று எண்ணும் நம் நெசவாள அங்கத்தினர்கள் நினைவில் இருத்த வேண்டும். நம் நாட்டில், குஜராத்தில் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் சங்கம் அமைத்தபோது, இரண்டு கிராமச் சங்கங்களும் நாளுக்கு 247 லிட்டர் பாலுமே அவர்களிடம் இருந்தன. அவர்களுக்கு இருந்த பலம் வேறு: பம்பாய் என்னும் பெருநகரம் நாள் தவறாமல் பால் வாங்கும் என்ற உறுதி. உற்பத்திக்கு முன்னர் வாங்குவோரை உறுதி செய்துகொண்ட சங்கமே நிலைத்தது.

நெய்வேலியின் வாயிலிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமசாலையை நிறுவினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு 80 காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அரிசியும் காய்கறியும் ஊர் ஊராக வந்து சேர்கின்றன. பல கிராமத்து விளைபொருளை ஒரே சமையற்கூடத்துக்குத் தவறாமல் கொணரும் பழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

அரசாங்கமும் வாளா இருக்கவில்லை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை பல ஊர்களுக்குப் பரவியது. 2013இல் சென்னையில் கூட்டுறவுத் துறையார் 'பண்ணைப் பசுமை' என்ற பெயரில் காய்கறிக் கடைகள் திறந்தனர். உழவர் சந்தை நல்ல ஏற்பாடே. ஆனால் இரண்டு கூடைக் கத்தரிக்காய்க்காக விவசாயியோ அவர் மனைவியோ அரை நாளைச் சந்தையில் கழிக்க வேண்டியிருக்கிறது. களையெடுக்கும் பருவத்தில் அந்த அரை நாளின் மதிப்பு கூடையின் இலாபத்தை விட மிகுதி. இருபது பேர் கூடைகளை ஒரே வண்டியில் ஒருவர் கொண்டு செல்வதே அறிவுடைமை, அதற்குத்தான் சங்கம்.

இவ்விடத்தில் நாம் யோசனையாகக் கூற விரும்புவது இது. முதலில் உணவுக் கூடங்கள், மருத்துவமனை, பள்ளி விடுதிகள் ஆகிய நிரந்தர வாடிக்கையாளர்களிடம், எந்த மாதத்தில் எந்தக் காய் எத்தனை கிலோ வேண்டும் என்று எழுத்தில் பெற வேண்டும். அவ்வளவுக்கு மட்டுமே அங்கத்தினர் பயிரிடுவதாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே சமயம் தக்காளி போட்டு, பின் வீதியில் கொட்டும் அவலம் அப்போது குறையும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றவர், விளைபொருளின் ஒரு பங்கைச் சங்கத்தின் வழியே விற்பதென்று ஏற்க வேண்டும். கடனையும் விற்பனையையும் இணைக்க வேண்டுமென்று 1954இலேயே கோர்வாலா குழுவினர் வற்புறுத்தினர். நாமோ இன்றுவரை ஒரு கதவில் கடன் வாங்கி மறு கதவில் தரகருக்கு விற்கிறோம். பணம் ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும். இந்த ஒன்றில் தவறினால், மற்றெல்லாம் சரியாக நடந்தாலும் மூன்றாம் மாதமே அங்கத்தினர் பழைய மண்டிக்குத் திரும்பிவிடுவர். கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் பல நலிந்ததற்குக் காரணம் இலட்சியக் குறைவன்று, பட்டுவாடாத் தாமதமே என்பது கணக்கேடுகளைப் புரட்டிய எவருக்கும் விளங்கும். அங்கத்தினரிடமும் குறை உண்டு. வெளியில் விலை ஏறும் நாளில் நல்ல காயை வெளியே விற்று, சொத்தைக் காயைச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் ஒழியாதவரை எந்தச் செயலாளரும் சங்கத்தை நடத்த முடியாது. தரம் பிரிப்பதைச் செயலாளரிடம் விடாமல், அங்கத்தினரே முறைவைத்து இருவர் இருவராகச் செய்வது மனத்தாங்கலைக் குறைக்கும்.

பலாவும் முந்திரியும் தனியே கவனிக்கத்தக்கவை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல் இம்மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. ஒரு தலைமுறை வளர்த்த மரம் ஓர் இரவில் வீழ்ந்தது; புதிய கன்று காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தை நிலக்கடலையும் காய்கறியும் ஊடுபயிராகக் கொடுத்த குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. ஒற்றை மரத்தையே நம்புதல் ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டா. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் தொழிலுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை இறக்குமதியாகும் நிலையில், உள்ளூர்த் தோப்புகளை மீண்டும் ஒட்டுக் கன்றுகளால் நிரப்புவதற்குச் சங்கங்கள் நாற்றங்கால் வைப்பது நல்ல முதலீடாகும். பலாவோ கோடையில் ஒரே சமயத்தில் பழுத்து, விலை வீழ்ந்து, தோப்பிலேயே அழுகுவது உண்டு. சுளையை வற்றலாக்கவும், கொட்டையை மாவாக்கவும், பிஞ்சைக் கறிக்கு விற்கவும் பெண் அங்கத்தினர் குழுக்கள் முன்வந்தால், பழமாகாத பலாவுக்கும் விலை உண்டு.

நிலக்கரியும் கழனிக்கு அயலானதன்று என்பதையும் சொல்லிவிடலாம். பயறு வகைகளின் விதையில் கலக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்துக்குப் பழுப்பு நிலக்கரித் தூள் தாங்கு பொருளாகப் பயன்படுகிறது. அதிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலம் மண்ணுக்கு ஊட்டமாகிறது. தோண்டிக் குவித்த சுரங்க மண்ணையும் தொழுவுரமும் பசுந்தாளும் இட்டுப் பண்படுத்திப் பயிர் விளைத்திருக்கின்றனர். ஆயினும் மேல்மண் போன நிலம் பழைய நிலமாக ஆவதற்குப் பல்லாண்டு வேண்டும்.

குறிஞ்சிப்பாடி நெசவாளர்கள் இதில் எங்கே வருகின்றனர் என்று சிலர் கேட்கலாம். கூலியில் பெரும்பகுதியை அரிசிக்கும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் கொடுப்பவர்கள் அவர்களே. விருத்தாசலத்து மணிலாவைச் சங்கச் செக்கில் ஆட்டி, அதே எண்ணெயை நெசவாளர் பண்டகசாலையில் வைத்தால், வாங்குபவருக்குக் கலப்பட அச்சம் நீங்கும். விற்பவருக்கு நிலையான வாடிக்கை கிட்டும். கைலியும் துண்டும் அதே வண்டியில் நெய்வேலிக் கடைக்குப் போகலாம். தொடங்குவதற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை: ஒரு வண்டி, ஒரு தராசு, வட்டத்துக்கு ஒரு கூரை, வாரம் மும்முறை வரும் என்ற வாக்கு. வரும் மாசிப் பட்டத்துக்குள் எந்தெந்த ஊரில் எத்தனை அங்கத்தினர் எத்தனை சென்ட் கத்தரி, வெண்டை, கீரை போட இசைவார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு கிளைச் சங்கமும் தயாரித்துப் பொதுக்குழுவின் முன் வைக்குமாறு வேண்டுகிறோம்.