ஹேண்டில் பார் மாற்றுகிறீர்களா? முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்

நுகர்வோர் புகார் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பைக்கில் உயரமான ஹேண்டில் பார் போட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள். கடைசியாக வந்தவர் தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டும் பள்ளி ஆசிரியர். முதுகுவலி தாங்காமல் 4 அங்குலம் உயர்ந்த பார் போட்டிருந்தார். முதுகு நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் மெக்கானிக் பழைய பிரேக் ஹோஸையே இழுத்து மாட்டியிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு திருப்பத்தில் ஹோஸின் இணைப்பு கசிந்து, முன் பிரேக் பிடிக்காமல், நின்றிருந்த வேனில் மோதினார். உயிருக்கு ஒன்றுமில்லை. வண்டியைப் பார்த்த சர்வேயர் 'மாற்றம் செய்யப்பட்ட வாகனம்' என்று எழுதினார், கிளெய்ம் நின்றது. அவரிடம் பார் வாங்கிய பில் இல்லை, மாட்டிய கூலிக்கு ரசீது இல்லை. கிளெய்ம் இல்லை என்பதைக்கூட போனில்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்படி வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு எதை வைத்து மனு எழுதுவது?

உயரமான பார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நெடுநேரம் குனிந்து ஓட்டுவதால் வரும் தோள்வலியும் மணிக்கட்டு மரத்துப்போவதும் கற்பனையல்ல. ஆனால் பணம் செலவழிக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, இப்போதுள்ள பாரையே உங்கள் பக்கம் கொஞ்சம் சுழற்றி இறுக்கச் சொல்லுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வையும் முழங்கையிலிருந்து விரல்வரை நேர்கோடு வருகிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் ஓரிரு அங்குலம் போதும். கை தோளுக்கு மேல் போகும்படி பார் போடுவது அழகுக்குத்தான். அதில் கை சீக்கிரம் மரத்துப்போகும், அவசரத்துக்கு வண்டியைத் திருப்பும் பலமும் குறையும்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி பாரின் குறுக்களவு. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் 22 மில்லிமீட்டர் ஒரு வகை, 28.6 மில்லிமீட்டர் இன்னொரு வகை. பெரிய கிளாம்பில் சின்ன பாரைத் தகடு சுற்றி மாட்டித் தருகிறார்கள். அப்படி மாட்டியது ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது கையோடு சுழலும்.

அடுத்தது கேபிள்கள். பார் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் வயர்கள் எல்லாவற்றுக்கும் கூடுதல் நீளம் வேண்டும். கடையை விட்டுக் கிளம்புமுன் வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஃபோர்க் முழுசாக நீண்ட நிலையில், இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். யூ-டர்ன் போடுகிற இடத்தில் வண்டி தானே பாய்வது இதனால்தான். ஹோஸ் விறைத்து நின்றாலோ பார் டேங்கில் இடித்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். 'ஓடஓடச் சரியாகிவிடும்' என்று சொல்வார்கள். ஆகாது.

டிஸ்க் பிரேக் வண்டியில் ஹோஸ் மாற்றினால் இணைப்பில் செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும், உள்ளே நின்ற காற்றை எடுக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தக் குழாயைத் தெருமுனைக் கடையில் கழற்றவே விடாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் சேஸிஸ் எண், இன்ஜின் எண், நிறம், எடை எல்லாம் உண்டு. ஹேண்டில் பாரின் உயரம் கிடையாது. அதனால் பார் மாற்றினாலே குற்றம் என்று சொல்ல முடியாது, குற்றமே இல்லை என்று மார்தட்டவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் ஒரு சோதனைச் சாவடியில் விட்டுவிடுகிறார்கள், அடுத்ததில் சலான் போடுகிறார்கள்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'அதெல்லாம் கூடாது' என்பார்கள். எந்த உத்தரவின்படி என்று கேட்டால் பதில் வராது. குடிமகனைத் தண்டிக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு, எது கூடும் எது கூடாது என்று ஒரு பலகை எழுதி வைக்க மட்டும் கை வருவதில்லை. ஆகவே எழுத்தில் கேளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு வண்டி எண், மாடல், போடப்போகும் பாரின் அளவு குறிப்பிட்டு மனு கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'பார் மாற்றலாமா?' என்று கேட்டால் அது கருத்து, தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'இருசக்கர வாகன ஹேண்டில் பார் மாற்றம் குறித்து இந்த அலுவலகத்துக்கு வந்துள்ள சுற்றறிக்கைகள், உத்தரவுகளின் நகல் தருக' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வண்டி வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருந்தால் ஆர்.சி.யில் உரிமையாளராக உள்ளவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. அதுவும் 52-ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான கடிதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. பாலிசி எண், வண்டி எண், பாரின் பெயர், விலை, மாட்டப்போகும் தேதி ஆகியவற்றை எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் போட்டுத் தரும்படி கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மறுபடி சொல்கிறேன்: ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. கடிதம் மாட்டுவதற்கு முன்பு போக வேண்டும். மோதிய பிறகு போகும் கடிதம் உங்களுக்கே எதிரான சாட்சி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். விபத்துக்கும் பாருக்கும் சம்பந்தமில்லை என்றால் அதையே வாதமாக வைத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தும் கிளெய்மை முழுசாக மறுத்தது தவறு என்று கூறி, ஒரு பகுதித் தொகையைக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது வாடகைக்கு விடப்பட்ட வாகனம் பற்றிய வழக்கு. ஆனாலும் மனுவில் குறிப்பிடலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மன் எடுக்கமாட்டார். எந்தக் கதவு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

பார் உடைந்தாலோ மாட்டியவர் தவறு செய்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் பில் வேண்டும். பாருக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று. 'பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் சார்' என்பார்கள். சேரட்டும், கொடுங்கள். பில் இல்லாமல் என்னிடம் வராதீர்கள். வந்தாலும் நான் எழுதித் தரும் மனுவில் உயிர் இருக்காது.

கழற்றிய பழைய பாரை, அதன் கேபிள்களோடு, பரணில் போட்டு வையுங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு முடிந்து படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். அன்றைக்கு அது தேவைப்படும்.