இங்கிலாந்து கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் இடம் மறுப்பா? மேல்முறையீட்டில் வெல்வது எந்த வாதம்?

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை முடிவுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 16-ஆம் தேதியையொட்டி வெளியாகின்றன. விரும்பிய கத்தோலிக்கப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டால், அங்கு குடியேறிய இந்தியர்கள் உள்பட எந்தப் பெற்றோரும் மேல்முறையீடு செய்யலாம். எனினும், 4 வயதுக் குழந்தைக்கான மேல்முறையீட்டில் வெற்றி பெறுவது எளிதன்று.

முன்னுரிமை யாருக்கு?

அரசு நிதியில் இயங்கும் இப்பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. சேர்க்கை விதிகளைப் பள்ளியின் ஆட்சிக் குழுவோ, அதை நடத்தும் அறக்கட்டளையோ வகுக்கிறது. இடம் காலியாக இருந்தால் மதத்தைக் காரணம் காட்டி எவரையும் மறுக்க முடியாது. விண்ணப்பங்கள் மிகுந்தால் மட்டுமே கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு முன்னுரிமை அளிக்கலாம். ரோமுடன் இணைந்த சீரோ-மலபார் உள்ளிட்ட கீழைத் திருச்சபையினரும் பொதுவாகக் கத்தோலிக்கராகவே கருதப்படுகின்றனர்.

பல பள்ளிகள், பொது விண்ணப்பத்துடன் துணைத் தகவல் படிவத்தையும் திருமுழுக்குச் சான்றிதழையும் கோருகின்றன. இவற்றை உரிய நாளுக்குள் அளிக்காவிட்டால், குழந்தை முன்னுரிமைப் பட்டியலில் கீழிறங்க நேரிடும்.

தடையாக நிற்கும் எண் 30

முதல் மூன்று வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1998-ஆம் ஆண்டு சட்டத்தின் வழி வந்த வரம்பு; விதிவிலக்குகள் மிகச் சில. இந்த வரம்பைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டிருந்தால், மேல்முறையீட்டை ஏற்க மூன்று வழிகளே உள்ளன: கூடுதலாக ஒரு குழந்தையைச் சேர்த்தாலும் வரம்பு மீறப்படாது என்பது, விதிகள் சட்டத்துக்கு முரணானவை அல்லது தவறாகப் பின்பற்றப்பட்டவை, இல்லையெனில் இடம் கிடைத்திருக்கும் என்பது, நியாயமான எந்த நிர்வாகமும் எடுத்திராத முடிவு என்பது.

ஆகவே, 'இது நல்ல பள்ளி', 'வேலைக்குச் செல்ல வசதியாக இருக்கும்' போன்ற வாதங்கள் பலன் தருவதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவு தவறாகக் கணக்கிடப்பட்டதா, அளித்த சான்றிதழ் விடுபட்டதா, குழந்தை உரிய பிரிவில் வைக்கப்பட்டதா என்பதையே பெற்றோர் சரிபார்க்க வேண்டும். உயர் வகுப்புகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அங்கு குழந்தையின் தேவையும் பள்ளிக்கு ஏற்படும் பாதிப்பும் ஒப்பிடப்படுகின்றன.

விசாரணை எப்படி?

இடம் மறுக்கப்பட்ட தகவல் கிடைத்ததில் இருந்து மேல்முறையீடு செய்யக் குறைந்தது 20 பள்ளி வேலை நாள்கள் அவகாசம் தரப்பட வேண்டும். பள்ளியைச் சாராத, மூவருக்குக் குறையாத குழு விசாரணை நடத்தும். அதன் முடிவு பள்ளியைக் கட்டுப்படுத்தும். விசாரணை நடைமுறையில் குறை இருந்தால் புகார் அளிக்கலாம். ஆனால், அதன் மூலம் நேரடியாக இடம் கிடைத்துவிடாது.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும், ஒதுக்கப்பட்ட வேறு பள்ளியின் இடத்தை ஏற்கலாம். அது வாதத்தைப் பலவீனப்படுத்தாது. காத்திருப்போர் பட்டியல் குறைந்தது டிசம்பர் 31 வரை பராமரிக்கப்படுவதால், அதில் பெயரைச் சேர்ப்பதும் அவசியம்.