அயலூர் நீர்நிலைகளில் சிறுபடகேறி மீன்பிடித்தல்

நங்கநல்லூருக்கு வடக்கே அடையாறு ஓடுவதால், கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் மீன்பிடிக்க அதுவே எளிதென்று தோன்றும். ஆயின் சாக்கடை கலந்த நகரப் பகுதியில் பிடிபடும் மீன் உண்ணத்தக்கதன்று. விருப்பமுள்ளோர் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியை நாடுதல் நலம். மடவையும் கொடுவாயும் அங்குண்டு.

பழகாத நீரில் இறங்குமுன் விசாரிக்க வேண்டியது மீனைப் பற்றியன்று, முகத்துவாரத்தைப் பற்றியே. கோடையில் மணல்திட்டு அதனை அடைத்துக்கொள்வதுண்டு. திறந்திருக்குங்கால் வற்றத்தின்போது நீர் கடலை நோக்கி இழுக்கும். அமாவாசை, பௌர்ணமிகளில் இழுப்பு மிகுதி. ஓதமும் வற்றமும் ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை மாறுவதால், ஓதம் ஏறுகையில் படகை இறக்கி, வற்றம் வலுக்குமுன் கரைசேர்க.

ஐப்பசி முதல் மார்கழி வரை ஆறுகளில் மேலேரிகளின் நிலையையும் அறிதல் வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. தலைக்குமேல் வானம் வெளுத்திருப்பினும் ஆறு பெருகும். ஆகவே கரையூர்க் கிராம அதிகாரிகள், நீர் திறப்புச் செய்தியைப் படகோடு வருவோர்க்குக் கேளாமலே அறிவித்தல் தகும். ஆழத்தையும் வலை கட்டிய இடங்களையும் உள்ளூர் மீனவரே அறிவர்.

உயிர்காப்புச் சட்டை இன்றியமையாதது. கிணற்றில் நீந்திப் பழகியோர் இதனை அலட்சியம் செய்வர்; கிணற்றில் நீரோட்டம் இல்லை.