மண்ணை எடுத்துப் போன தம்பி திரும்ப வருவாரா?

கல்லூரி மாணவர்களின் ஆய்வு முடிவுகள் விவசாயி கைக்கு வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

“ஐயா, நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம். உங்க தோப்புல கொஞ்சம் மண்ணு எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கங்க தம்பி. ஆனா போன வருசமும் ஒரு பாப்பா வந்து எடுத்துட்டுப் போச்சு. என்ன ஏதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே!”

புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடி வட்டாரத்தில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மாணவர்கள் வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், மட்டையை அறுத்து ஓலையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது. தோப்புக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதை வெறும் மனவருத்தமாக ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பர் 16-ம் தேதி வீசிய கஜா புயலில் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு கடன் வாங்கி நட்ட கன்றுகள்தாம் இன்று பல குடும்பங்களின் நம்பிக்கை. நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நெல்லில் ஒரு தவறு செய்தால் அடுத்த போகத்தில் திருத்தலாம். தென்னையில் தவறு செய்தால் அதைத் திருத்துவதற்குள் பிள்ளைகள் படிப்பை முடித்துவிடுவார்கள். அதனால், தன் தோப்பைப் பற்றி யாராவது அளந்து, எண்ணி, எழுதி வைத்திருந்தால் அது தோப்புக்காரருக்குத் தெரிய வேண்டும்.

வருகிறவர்கள் யார்?

வயலுக்கு வரும் மாணவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையினர் இளநிலை வேளாண்மை இறுதியாண்டு மாணவர்கள். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்படி கிராமங்களுக்கு வந்து, விவசாயிகளோடு பழகி, செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள். இது பயிற்சி. இதைப் பெரிய ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் வகையினர் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள். இவர்கள் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஓரிரு ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் உழைப்பார்கள். மாதிரி எடுப்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே.

மூன்றாம் வகையினர் பொறியியல், இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவர்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஒரு கருவியையோ பரிசோதனையையோ எடுத்துக்கொண்டு வருவார்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம், பொறியியல், வேளாண்மை, இயற்கை அறிவியல் எனப் பல துறை மாணவர்களின் திட்டப்பணிகளைத் தேர்ந்தெடுத்துச் சிறு நிதியுதவி அளித்துவருகிறது. தொகை சிறிதுதான். ஆனால், உள்ளூர்ப் பிரச்னை ஒன்றை எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு அது நல்ல ஊக்கம்.

வம்பனில் ஒரு மஞ்சள் வரிசை

மாணவர் ஆய்வு எப்படி விதையாக மாறி வீட்டுக்கு வருகிறது என்று பார்க்க கறம்பக்குடிக்காரர்கள் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதில்லை. வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்தில் வம்பன் 8, வம்பன் 11 என்று விதைக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த ‘வம்பன்’ இதுதான்.

உளுந்துக்குப் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. தாங்கி நிற்கும் ரகம்தான் வழி. அந்த ரகத்தைக் கண்டுபிடிக்க, நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் ஒன்றை வேண்டுமென்றே சில வரிசைகளுக்கு ஒரு வரிசையாக விதைப்பார்கள். அந்த வரிசை முழுக்க மஞ்சளாகும். தெரியாதவர் பார்த்தால், “என்ன இது, ஆராய்ச்சிப் பண்ணையிலேயே பயிர் இப்படி இருக்கே!” என்பார். அந்த மஞ்சள் வரிசைதான் பரீட்சைத்தாள். அதற்குப் பக்கத்தில் நின்றும் பச்சையாக இருக்கிற செடி எதுவோ அதுதான் தேறிய செடி. வரிசை வரிசையாகக் குனிந்து ஒவ்வொரு செடிக்கும் மதிப்பெண் போடுவதுதான் பயிர் இனப்பெருக்கம் படிக்கிற மாணவரின் வேலை. இப்படிப் பல பருவங்களின் கணக்கு சேர்ந்த பிறகுதான் ஒரு ரகம் வெளியாகிறது.

விவசாயிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாணவர் உங்கள் வயலில் இடுபொருள் ஒன்றைச் சோதிக்கும்போது, “இந்தப் பாத்திக்கு மட்டும் எதுவும் போடாதீங்க ஐயா” என்பார். அதை வீண் என்று நினைக்க வேண்டாம். போடாத பாத்தி பக்கத்தில் இல்லாவிட்டால், விளைச்சல் கூடியது மருந்தாலா மழையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே சோதனையை மூன்று நான்கு இடங்களில் திரும்பச் செய்வதும் இதற்காகத்தான். ஒரு பாத்தி மேட்டில் இருக்கும், இன்னொன்று வாய்க்கால் ஓரம் இருக்கும். ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் கிடைத்த முடிவை நம்பித் தோப்பு முழுக்கச் செலவு செய்யக் கூடாது. கடையில் விற்கிற எந்த ‘டானிக்’குக்கும் இது பொருந்தும்.

மேலே டிரோன், கீழே பூச்சி

பொறியியல் மாணவர்கள் விவசாயத்துக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ‘தக்‌ஷா’ நல்ல பதில். சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஆளில்லா விமானம் செய்துவந்த மாணவர் குழு அது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. தொலைவில் தவிக்கும் ஒருவருக்கு மருத்துவ உதவியை விமானத்தில் கொண்டு சேர்ப்பது அந்தப் போட்டி. நடிகர் அஜித்குமார் குழுவின் ஆலோசகராக இருந்ததால் செய்தி ஊரெல்லாம் பரவியது. பின்னர் அதே பெயரில் நிறுவனம் உருவாகி, மருந்து தெளிக்கும் விவசாய டிரோன்களும் வந்தன. மாணவர்கள் கல்லூரிக்குள் செய்த வேலை நெல் வயலுக்கு மேலே பறக்கிறது.

ஆனால், நெல்லுக்குச் சரியானது தென்னைக்கும் சரியாகிவிடாது. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, பல மாவட்டங்களின் தென்னைக்குப் பரவிவிட்டது. (உளுந்தில் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈ வேறு, இது வேறு.) இந்தப் பூச்சி ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. டிரோன் தெளிப்பதோ மேலிருந்து. மருந்து மேல்பக்கம் விழும், பூச்சி கீழே சுகமாக இருக்கும். அதோடு, பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்துகிற ‘என்கார்சியா’ என்ற குட்டிக் குளவியும் செத்துவிடும். ரசாயன மருந்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியை ஏக்கருக்கு எட்டு முதல் பத்து வரை ஆறடி உயரத்தில் கட்டுவது, ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது ஆகியவையே பரிந்துரை.

ஓலையை எடுத்துப் போகும் பூச்சியியல் மாணவர் செய்வது என்ன? வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களில் எத்தனை கறுத்துப்போயிருக்கின்றன என்று உருப்பெருக்கியில் எண்ணுகிறார். கறுத்தவை குளவி முட்டையிட்டவை. அந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தால் தோப்பில் இயற்கையே வேலை செய்துகொண்டிருக்கிறது, காசு செலவழிக்க வேண்டாம் என்று பொருள். குறைவாக இருந்தால், கறுத்த கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை வேறு தோப்பிலிருந்து கொண்டுவந்து கட்டலாம். இப்படி ஒரு கணக்கு தன் தோப்பைப் பற்றி எடுக்கப்பட்டிருப்பதும் முடிவு என்ன என்பதும் தோப்புக்காரருக்குத் தெரியாமல் போனால், அது நஷ்டம்தானே?

பொறியியல் மாணவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. வெள்ளை ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளின் மேல்பக்கத்தில் விழுந்து, கரும்பூஞ்சணம் படர்கிறது. அதற்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா என்ற கணக்கில் பசை காய்ச்சித் தெளிக்கப் பரிந்துரை உண்டு. காய்ந்ததும் பூஞ்சணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மேல்பக்கம் விழ வேண்டிய இதை டிரோனில் தெளிக்க முடியுமா? முனை அடைக்காமல் பசையை எவ்வளவு நீர்க்க வைக்கலாம்? ஓர் ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும்? இயந்திரம் தெரிந்தவரும் பூச்சி தெரிந்தவரும் தோப்புக்காரரும் சேர்ந்து உட்கார்ந்தால் நல்ல திட்டப்பணி ஒன்று தயார்.

சந்தேகம் வருவது இயல்பு

முன்பின் தெரியாதவர்கள் கருவியோடு வந்து மண்ணைத் தோண்டினால் இந்தப் பகுதி மக்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் நடந்த போராட்டத்தை யாரும் மறக்கவில்லை. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது கறம்பக்குடி ஒன்றியமும் அதில் சேர்க்கப்பட்டது. எனவே, வந்தவர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. உண்மையான மாணவர் அதற்குக் கோபப்பட மாட்டார், கடிதத்தை எடுத்து நீட்டுவார்.

மாணவரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு? துறைத்தலைவர் அல்லது வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் இருக்கிறதா?

2. ஆய்வின் தலைப்பு என்ன? அதைத் தமிழில் இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

3. எங்கள் வயலில் எடுப்பது என்ன, எவ்வளவு, எத்தனை முறை?

4. சோதனையால் விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு? சோதனைப் பாத்தி சிறிதாக இருக்கட்டும். பேசிக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.

5. முடிவு எப்போது வரும்? ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகத்துக்குப் போய்விடும். எங்கள் வயலின் முடிவை மட்டும் ஒரு பக்கம் தமிழில் எழுதித் தருவீர்களா?

6. எடுப்பது விதையோ ஒட்டுக்குச்சியோ என்றால், அது எங்கள் மரம் என்று பதிவு செய்வீர்களா?

ஆறாவது கேள்வி முக்கியமானது. இந்தப் பக்கத்துப் பலா மரங்களில் ஒவ்வொன்றும் ஒரு ருசி. தலைமுறையாகக் காத்துவந்த நல்ல மரம் உங்களிடம் இருந்தால், 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி அதை ‘விவசாயி ரகம்’ என்று பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். விவசாயிக்குக் கட்டணம் இல்லை. ஆய்வுக்கு வரும் மாணவர்களும் பேராசிரியர்களும் அதற்கான விவரங்களைத் திரட்ட உதவ முடியும்.

மண் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள்

மாணவர் மண் எடுக்கும்போது விவசாயியும் உடன் இருக்க வேண்டும். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், அண்மையில் உரமிட்ட இடம் இவற்றில் எடுக்கக் கூடாது. ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, வயல் பயிருக்கு அரை அடி ஆழம் வரை சீராகச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் அரை கிலோ எடுக்க வேண்டும். எருக்குவியல் கிடந்த இடம் எது என்று வெளியூர் மாணவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் முடிவு தவறாகும். தவறான முடிவை வைத்து உரமிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கேள்வி நம் பக்கமிருந்தும் போகட்டும்

மாணவர் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. குடுமியான்மலையில் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து, “இது எங்கள் பிரச்னை, மாணவர் யாரையாவது இதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்று எழுதிக் கொடுக்கலாம். நல்ல தலைப்பு கிடைக்காமல் அலைகிற மாணவர்கள் எவ்வளவோ பேர்.

உங்கள் வீட்டிலேயே கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் எளிது. திட்டப்பணியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, அப்பாவின் மோட்டார் கொட்டகையையும் அம்மா பறிக்கிற பூந்தோட்டத்தையும் ஒரு வாரம் கவனிக்கச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து குறித்தாலே, ஓராண்டில் ஊருக்குப் பயன்படுகிற கணக்கு ஒன்று கிடைத்துவிடும். மோட்டாரை எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

அடுத்த முறை ஒரு தம்பியோ பாப்பாவோ பையோடு தோப்புக்கு வந்தால், உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுங்கள். மாதிரியும் கொடுங்கள். திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்று தேதி கேட்டு, அதை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தத் தேதியில் வரவில்லை என்றால், கடிதத்தில் இருக்கும் பேராசிரியருக்குப் போன் செய்து கேளுங்கள். உங்கள் தோப்பைப் பற்றிய கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.